துப்பாக்கி இல்லாமல் போய் வந்தவர்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

போருக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் இந்தப் பேச்சை எடுத்தாலே துறைமுகம்தான் கண்ணில் வரும். வெள்ளை உடையில் ஓர் அம்மாள், ஒலிக்குழாயைப் பிடித்துக்கொண்டு, படைக்கப்பல்களைப் பார்த்துப் பாடுவார். பெர்லா கிப்சன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940 ஏப்ரலில் பாட ஆரம்பித்தார். இன்று துறைமுகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. எங்கள் தாத்தாவும் கப்பலில் நின்று கேட்டிருக்கிறார். "நல்ல குரல். என்ன பாட்டுன்னுதான் புரியலை" என்பார்.

தாத்தா சேர்ந்தது இந்திய மலாய்ப் படைப்பிரிவு. பேர்தான் படை, கையில் துப்பாக்கி கிடையாது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு ஆயுதம் கொடுப்பதில்லை என்பது அன்றைய அரசின் முடிவு. லாரி ஓட்டலாம், சமைக்கலாம், அடிபட்டவர்களைத் தூக்கலாம். 1942 அக்டோபரில் எகிப்தில், எல் அலமெய்ன் சண்டையில் லூகாஸ் மஜோசி என்ற ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், தன் மேலேயே குண்டு பாய்ந்த பிறகும் மற்றவர்களைத் தூக்கிவந்தார். அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். துப்பாக்கி கொடுக்கவில்லை.

இது புதுசும் இல்லை. ஆங்கிலேயருக்கும் போயருக்கும் நடந்த போரில், 1900 ஜனவரியில் ஸ்பியான் கோப் மலையடியில் காயம்பட்டவர்களைச் சுமந்தார்களே, காந்தி திரட்டிய அந்த 1,100 பேர், அவர்களில் 800 பேர் போல ஒப்பந்தக் கூலிகள். காந்தி பேரைச் சொன்னதும் மண்டபம் நிமிர்ந்து உட்காருகிறது, பார்க்கிறேன். அந்த 800 பேரில் ஒருவர் பேரையாவது நம் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

சரி, தாத்தாவுக்கு வருகிறேன். 1945 கடைசியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த மரமும் தகரமுமான வீட்டுக்குத் திரும்பினார். மகன் முழுசாக வந்தால் காவடி எடுப்பான் என்று அவருடைய அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குத் தாத்தா எடுத்தார். தெருப் பையன்கள் வந்து சுற்றிக்கொண்டு, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டார்களாம். "டயர்தான் வெடிச்சுது" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போர் பார்த்தவர்கள் பேசமாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சுட்ட கதையைத்தான் நமக்குக் கேட்கத் தெரியும்; தண்ணீர் லாரி ஓட்டிய கதையை எப்படிக் கேட்பது? அதுவும் ஆயா தயவில்தான் வெளியே வந்தது. தாத்தா எந்த டம்ளரை வாங்கினாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். கல்யாணமான புதிதில் ஆயாவுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. "நான் என்ன விஷமா வைக்கிறேன்?" என்று ஒருநாள் அழுதுவிட்டார். அப்போதுதான் தாத்தா சொன்னார்: பாலைவனத்தில் பெட்ரோல் வந்த தகர டின்னிலேயே தண்ணீரையும் பிடித்துக் கொடுப்பார்களாம். டீ போட்டாலும் பெட்ரோல் வாடைதான். ஆளுக்கு அளந்த தண்ணீர். அதிலேயே லாரியின் ரேடியேட்டருக்கும் பங்கு. ஒரு வாய் குடிப்பது, ஒரு வாய் அதற்கு ஊற்றுவது.

அவர் எகிப்தில் இப்படித் தண்ணீரை முகர்ந்துகொண்டிருந்த 1943இலேயே, இங்கே டர்பனில் இந்தியரும் வெள்ளையரும் ஒருவரிடம் ஒருவர் நிலம் வாங்குவதை நிறுத்திவைக்கும் சட்டம் வந்துவிட்டது. திரும்பி வந்த மறு வருஷம் இன்னொன்று: இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்ட சட்டம். அதை எதிர்த்து 1946 ஜூன் 13 அன்று நம்மவர்கள் டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சேரும் மூலையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். போராட்டத் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர் உட்பட ஏறத்தாழ 2,000 பேர் அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனார்கள். எங்கள் தாத்தா போகவில்லை. குடும்பப் பெருமைக்காகப் போனார் என்று சொல்லலாம்தான், ஆனால் போகவில்லை. படையில் கொடுத்த பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்தார். அந்தப் பணமும் தோலின் நிறம் பார்த்து அளந்த பணம். நிலம் வாங்க வைத்திருந்ததைப் போட்டு ஒரு பழைய லாரி வாங்கினார். விடியற்காலையில் தோட்டக்காரர்களின் கீரையையும் கத்தரிக்காயையும் ஏற்றிக்கொண்டு வார்விக் அவென்யூ மார்க்கெட்டுக்குப் போவார். போருக்கு முன்னும் லாரி, போரிலும் லாரி, அப்புறமும் லாரி.

1958இல் கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள்; நாம் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவர் திரும்பி வந்த வீடு, அம்மா காவடிக்கு நேர்ந்துகொண்ட வீடு, எல்லாம் போயிற்று. சில வருஷம் கழித்து, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் இறக்கிய அன்று ஆயா புதுக் குழாயில் பிடித்து முதல் டம்ளரை அவரிடம்தான் நீட்டினார். வழக்கம்போல முகர்ந்தார். பாதி குடித்தார். மீதியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற லாரியின் முன்பக்க மூடியைத் திறக்கப் போனார்.