ஏழாவது மாணவியின் 36 மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு என்றதும் ஒரு மாணவர், ஒரு நெறியாளர், ஒரு ஆய்வகம், நாலைந்து வருஷம் என்றுதான் நம் மனதில் ஓடும். நான் பேச வந்திருப்பது வேறு மாதிரியான ஓர் ஏற்பாடு பற்றி. பத்து மாணவர்கள். ஐந்தாறு நாடுகள். பல்கலைக்கழகங்கள், அவற்றோடு கம்பெனிகள், சில சமயம் ஒரு மருத்துவமனை அல்லது அருங்காட்சியகம். எல்லோரும் ஒரே பெரிய கேள்வியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் கண்டுபிடிப்பது இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது. இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரி பெயரில் நிதி தருகிறது. முன்பு ஐடிஎன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், 2021இலிருந்து டாக்டோரல் நெட்வொர்க், அதாவது முனைவர் பட்ட வலைப்பின்னல் என்று பெயர். அந்த நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதை வாங்கிப் படித்து எங்கே இடிக்கிறது என்று சொல்வதும்தான் பல வருஷமாக என் வேலை.

மேரி கியூரி பெயர் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை. 1867இல் வார்சாவில் பிறந்தவர். அங்கே அன்றைக்குப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. அவரும் அக்கா பிரோனியாவும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தங்கை பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பது, அந்தப் பணத்தில் அக்கா பாரிஸில் மருத்துவம் படிப்பது, அக்கா நிலைபெற்றதும் தங்கையை அழைத்துக்கொள்வது. தங்கை வருஷக்கணக்கில் காத்திருந்தார். 1891இல்தான் பாரிஸுக்கு ரயிலேறினார். 1903இல் முனைவர் பட்டம், அதே வருஷம் நோபல் பரிசு. 1996இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2014இல் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரான ஸ்க்வொடோவ்ஸ்காவையும் சேர்த்தார்கள். படிப்பதற்காக நாடு மாறுகிறவருக்குப் போய்ச் சேரும் இடத்தில் யாராவது ஒருவர் தயாராக இருக்க வேண்டும். பிரோனியா அப்படி இருந்தார். விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் நான் பிரோனியாவை நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தது மூன்று நிறுவனங்கள் வேண்டும், மூன்றும் வெவ்வேறு நாடுகளில் இருக்க வேண்டும். அவை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளாகவோ, ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டத்தோடு இணைந்த நாடுகளாகவோ இருக்கலாம், ஆனால் ஒன்றாவது ஒன்றியத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இது அடிமட்டக் கணக்கு, நிஜத்தில் இதைவிட நிறையப் பேர் சேர்வார்கள். மாணவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, இதில் தடுக்கி விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. அங்கேயே முதுகலை படித்து முடித்த கெட்டிக்கார மாணவரை அதே பல்கலைக்கழகம் இந்தப் பணத்தில் எடுத்துக்கொள்ள முடியாமல் போவது அடிக்கடி நடக்கும். பக்கத்து நாட்டில் இருக்கும் கூட்டாளி எடுத்துக்கொள்ளலாம். விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறும், ஆகவே என் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாமல் விதிகளெல்லாம் இருக்கும் அந்தந்த வருஷத்துப் பணித்திட்ட ஆவணத்தைத் திறந்து படித்துவிடுங்கள்.

இப்போது என் ஏழாவது மாணவி.

விண்ணப்பம் எழுதும் சமயத்தில் மாணவர்கள் யாரும் கிடையாது. நிதி கிடைத்த பிறகுதான் விளம்பரம், நேர்காணல் எல்லாம். அதனால் விண்ணப்பத்தில் அவர்களுக்குப் பெயர் இருக்காது, எண்தான். டாக்டோரல் கேண்டிடேட் என்பதைச் சுருக்கி டிசி 1, டிசி 2, அப்படியே டிசி 10 வரை. ஆளுக்கொரு சின்னக் கட்டம். தலைப்பு, நோக்கம், எதிர்பார்க்கும் முடிவு, எந்தக் கூட்டாளியிடம் எத்தனை மாதம் போய் இருப்பார் என்று நிரப்பிக்கொண்டே போவோம். பத்து நெறியாளர்களும் தங்கள் கட்டத்தைத் தாங்களே எழுதி அனுப்புவார்கள், ஒருங்கிணைப்பாளர் எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்ப்பார். எங்கள் முதல் விண்ணப்பம் அப்படித்தான் உருவானது. ஆற்று நீரில் கலக்கும் மருந்துக் கழிவுகள் பற்றியது. தனித்தனியாகப் பார்த்தால் பத்தும் அருமையான ஆய்வுகள். மதிப்பெண் 78 வந்தது.

78 என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தேறுவதற்கு 70 போதும். ஆனால் பணம் கிடைக்க அது போதாது, பல சமயம் 90க்கு மேல் வாங்கியவர்களே வெளியே நிற்பார்கள். இன்னொன்று, 80க்குக் கீழே வாங்கிய விண்ணப்பத்தை அதே கூட்டணி அடுத்த வருஷமே மறுபடி போட முடியாது. ஒரு வருஷம் உட்கார வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் எங்களுக்கு ஒரு வருஷம் போயிற்று. மதிப்பீட்டு அறிக்கையில் இருந்த குறையின் சாரம் இதுதான்: ஆய்வுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று எதற்கு என்று தெரியவில்லை.

அந்தக் காத்திருந்த வருஷத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சக ஊழியர், விஞ்ஞானி இல்லை, கணக்கு பார்ப்பவர், ஒரு நாள் வந்து கேட்டார். "இந்த ஏழாம் நம்பர் பொண்ணு என்னைக்கு வேலைக்கு வருவா? வந்த முதல் நாள் எங்க போய் உட்காருவா?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அவர் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து மாதம் மாதமாகக் கோடு போட்டார். ஏழாவது மாணவிக்கு மட்டும். மற்ற ஒன்பது பேரையும் ஓரமாக வைத்துவிட்டார்.

திட்டம் அக்டோபரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டோம். ஐரோப்பாவின் ஆராய்ச்சி வேலைகளுக்கான யூராக்செஸ் இணையதளத்தில் விளம்பரம், நேர்காணல், ஒப்பந்தம், அப்புறம் விசா, வீடு தேடுவது. எவ்வளவு வேகமாகச் செய்தாலும் அவள் வந்து சேர மே மாதம் ஆகிவிடும். அவளுடைய வேலை, ஆற்றில் கோடை முடிவில் நீர் வற்றும்போது மருந்துக் கழிவு எவ்வளவு கூடுகிறது என்று அளப்பது. நீர் குறைந்தால் கழிவு நீர்த்துப்போவதும் குறையும், ஆக ஆகஸ்ட், செப்டம்பர்தான் அவளுக்கு முக்கியம். எதைக்கொண்டு அளப்பாள்? மூன்றாவது மாணவர் செய்யப்போகும் உணர்கருவியைக் கொண்டு. அவர் எப்போது செய்து முடிப்பார்? அவர் கட்டத்தில் 18 மாதம் என்று எழுதியிருந்தோம். அவரும் மே மாதம்தான் வந்து சேர்வார். அப்படியானால் கருவி கைக்கு வருவது அதற்கு அடுத்த வருஷம் நவம்பரில்.

பார்த்தீர்களா? முதல் கோடை போயிற்று, இரண்டாவது கோடையும் போயிற்று. மூன்றாவது கோடையில்தான் அவள் ஆற்றில் இறங்கி அளக்க முடியும். அந்த ஆகஸ்ட் மாதத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தால், எங்கள் விண்ணப்பத்திலேயே ஒரு பக்கத்தில் வேறு நாட்டில் கோடைப் பள்ளியில் இருக்கிறாள், இன்னொரு பக்கத்தில் ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறாள். ஒரே மாதத்தில் மூன்று நாட்டில் ஒரு பெண். எப்படியோ செப்டம்பரில் அளந்து முடித்தாலும் அடுத்த ஏப்ரலோடு அவளுடைய 36 மாதச் சம்பளம் நின்றுவிடும். ஏழு மாதத்தில் கணக்குப் பார்த்து, கட்டுரை எழுதி, ஆய்வேட்டையும் எழுத வேண்டும். முடியாது. சம்பளம் இல்லாமல், அந்நிய நாட்டில், விசா முடியும் தறுவாயில் உட்கார்ந்து எழுதுவாள். எங்கள் பத்து நெறியாளர்களும் நல்லவர்கள், மாணவர்கள் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் இப்படி ஒரு வாழ்க்கையைத்தான் அவளுக்கு எழுதி வைத்திருந்தோம், ஒருவரும் கவனிக்காமல்.

இன்றுவரை எனக்கு அந்தத் தாள்தான் பாடம். நேயர்களே, விண்ணப்பம் எழுதுகிற யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரே ஒரு மாணவரை எடுத்து முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அவரோடு கூடவே நடந்து பாருங்கள். யார் வேலைக்காக அவர் காத்திருக்கிறார், யார் அவருக்காகக் காத்திருக்கிறார், நெறியாளர் மாதத்தில் எத்தனை முறை நேரில் கிடைப்பார், சண்டை வந்தால் யாரிடம் போவார், எல்லாம் அதில் வந்துவிடும்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டோம். ஏழாவது மாணவி கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் கோடையிலேயே போத்தல்களில் நீர் எடுத்து, ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கிற நிறமாலைமானியில் வைத்து அளந்துவிடட்டும். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், பரவாயில்லை. அந்தப் போத்தல்களில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாணவரின் ஆய்வகத்துக்கு மூன்று மாதம் போகட்டும். அவர் அதுவரை வடிகட்டிய சுத்தமான நீரில்தான் கருவியைச் சோதித்துக்கொண்டிருப்பார். இவள் கொண்டுபோகும் சேறும் பாசியும் கலந்த நிஜமான ஆற்று நீர் அவருக்குத் தங்கம். கருவி தயாராவதற்கு முன்பே அவளிடம் இரண்டு கோடையின் அளவுகள் இருக்கும். மூன்றாவது கோடையில் அவருடைய கருவியும் அவளுடைய அளவும் ஒத்துப்போகிறதா என்று இருவரும் சேர்ந்தே பார்க்கலாம். கருவி வராமலே போனாலும் அவளுடைய பட்டம் நிற்காது.

இப்படி எழுதிய பிறகு வலைப்பின்னல் என்ற சொல்லை நாங்கள் எங்கும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏன் இவர்கள் சேர வேண்டும் என்பது அந்தப் போத்தல்களிலேயே தெரிந்தது. அடுத்து போட முடிந்த சுற்றில் நிதி கிடைத்தது. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டுமே கிடைக்கிற இடத்தில் நல்ல நேரமும் வேண்டும். ஆனால் மதிப்பீட்டாளர்கள் பாராட்டி எழுதியது அந்தப் பகுதியைத்தான்.

மதிப்பீட்டாளர்கள் என்றால் யாரோ எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக மூன்று பேர், உங்களையும் என்னையும் போல ஆராய்ச்சி செய்கிறவர்கள். முதலில் தனித்தனியாகப் படித்துவிட்டு அப்புறம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். முக்கியப் பகுதி 30 பக்கம். ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, அதனால் விளையும் பயனுக்கு 30, எப்படி நடத்தப்போகிறீர்கள் என்பதற்கு 20. அந்த 20தானே என்று கடைசி இரண்டு நாளில் எழுதுகிறார்கள், அதுதான் தவறு. என் ஏழாவது மாணவி மாட்டிக்கொண்டது அந்த 20 விழுக்காட்டில்தான், ஆனால் அங்கே விழுந்த ஓட்டை மற்ற இரண்டிலும் தெரிந்தது. ஆட்சேர்ப்பு தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள், ஒருவர் நடுவில் விலகினால் அவரை நம்பியிருக்கும் மற்றவர் கதி என்ன, இவற்றுக்கு நேரான பதில் எழுதியிருந்தால் படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

கம்பெனிகள் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் பெயருக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள், கம்பெனியும் முழு ஆதரவு தருவோம் என்று நாலு வரிக் கடிதம் கொடுத்துவிடும். அந்தக் கடிதத்தில், இந்த மாணவர் இத்தனை மாதம் எங்களிடம் இருப்பார், இந்தத் துறையில் இன்ன பொறுப்பில் இருப்பவர் அவரைப் பார்த்துக்கொள்வார், இந்தக் கருவியில் வேலை செய்வார் என்று இருக்க வேண்டும். தொழில்துறை முனைவர் பட்டம் என்று தனி வகை உண்டு, அதில் பாதிக் காலமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அங்கே இந்தக் கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டிஎஃப்ஜி நடத்தும் பன்னாட்டு முனைவர் பட்டக் குழுக்கள் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், அது ஜெர்மனியில் ஒரு குழுவும் வெளிநாட்டில் ஒரு குழுவும் ஜோடியாக நடத்துவது, அதிகபட்சம் ஒன்பது வருஷம். மாணவர்கள் ஆறு மாதம் போல எதிர்ப்பக்கம் போய் இருப்பார்கள். வெளிநாட்டுக் குழு தன் செலவுக்குத் தன் நாட்டில் நிதி தேட வேண்டும். இரண்டே இடங்கள் சேர்ந்து ஆழமாக வேலை செய்ய அது பொருத்தம்.

மேரி கியூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பரில், பிரசல்ஸ் நேரப்படி மாலை 5 மணி. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பதிவேற்றலாம், கடைசியாகப் போட்டதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே ஒரு பிரதியைப் போட்டு வைத்துவிடுங்கள்.

பணம் பற்றி ஒன்று மட்டும். 2024 வரையிலான அழைப்புகளில் மாணவரின் வாழ்க்கைப் படி மாதம் 3,400 யூரோ என்று இருந்தது. அது கைக்கு வரும் தொகை இல்லை. அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்ப ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதிலிருந்து வேலை கொடுப்பவர் கட்டும் காப்பீட்டுப் பங்கும் வரியும் போகும். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டு வாடகை, குடும்பம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். கைக்கு எவ்வளவு வரும் என்று உங்கள் சம்பளப் பிரிவில் கேட்டு, அந்த எண்ணை நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.