ஒரு கைப்பிடி மணல்

நேயர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை ஆற்றில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுப் போன்ற குவார்ட்ஸ், பால்நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ ஃபெல்ட்ஸ்பார், இடையிடையே மினுங்கும் காக்காப்பொன் ஆகியவை தெரியும். ஃபெல்ட்ஸ்பார் ஈரத்திலும் வெப்பத்திலும் நாளடைவில் களிமண்ணாக மாறிவிடும் கனிமம். அது கெடாமல் கூர்முனையோடு கிடக்கிறதென்றால், தாய்ப்பாறை அதிகத் தொலைவில் இல்லை என்று பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களின் தரையும் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய கடினப்பாறையே. ஆற்றின் வழியே நாம் மணலை அனுப்பும் ஊர்க்காரர்கள்.

அனுப்பிய மணல் எங்கே, எப்படிப் படிந்தது என்பதைப் பரலின், அதாவது மணல்மணியின், அளவு சொல்லும். 1922இல் அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வொர்த் வகுத்த அளவுகோலின்படி 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது சரளை. அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டரில் 16இல் ஒரு பங்கு வரை மணல். அதனினும் நுண்ணியவை வண்டலும் களிமண்ணும். கடைசி இரண்டையும் களத்தில் நிலவியலாளர்களாகிய நாங்கள் பல்லால்தான் பிரிப்போம். முன்பற்களுக்கிடையே நறநறத்தால் வண்டல், வெண்ணெய்போல் வழுக்கினால் களிமண். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அந்த நேரத்தில் இதைவிட விரைவான கருவி கிடையாது.

பருமனான பரல் வேகமான நீரையும், நுண்பரல் அசைவற்ற நீரையும் காட்டும் என்பது பொதுவிதி. ஆனால் படிந்து இறுகிய களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், அதை மீண்டும் பெயர்த்தெடுக்க மணலுக்குத் தேவைப்படுவதைவிட அதிக வேகம் வேண்டும் என்று 1935இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யூல்ஸ்ட்ரோம் காட்டினார்.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பரல்கள் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்பதுதான். களத்துமேட்டில் கேழ்வரகைத் தூற்றும்போது மணி அருகிலும் உமி தொலைவிலும் விழுவதுபோல, காற்று மணலைத் தரம் பிரித்துவிடும். அதனால்தான் மணற்குன்றின் பரல்கள் ஏறத்தாழ ஒரே அளவில் அமைகின்றன. பனிப்பாறைக்கு இந்தப் பொறுமை இல்லை. அது பெருங்கல்லையும் மாவுபோன்ற கல்தூளையும் ஒன்றாகச் சுமந்துவந்து, உருகிய இடத்தில் போட்டுவிடும். ஒடிசாவின் தால்ச்சேரில் நுண்ணிய சேற்றுப்பாறைக்குள் பெருங்கற்கள் பதிந்திருந்ததைக் கண்டுதான், வெயில் சுடும் அந்த மண்ணில் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி மூடியிருந்ததை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நிலவியலாளர்கள் உணர்ந்தார்கள்.

ஆற்றில் உருண்டுதான் மணல் உருண்டையாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கூழாங்கல்லுக்கு அது சரி, ஒகேனக்கல்லிலேயே பார்க்கலாம். மணற்பரலோ மிக இலேசானது, நீர்ப்படலம் மோதலைத் தணித்துவிடுவதால் ஆற்றில் அதன் முனை எளிதில் மழுங்காது. காற்றில் மோதும் பரலே விரைவாக உருண்டையாகிறது. ஆனால் பழைய மணற்பாறை சிதைந்தால், முன்பே உருண்டையான பரல் புதிய ஆற்றிலும் வந்து சேரும். எனவே ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்பெழுதக் கூடாது. அளவு, சீர்மை, உருவம், அடுக்கின் வரிசை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த வரிசையைப் பழகுவதற்குக் கிருஷ்ணகிரி அணையே போதும். ஆறு ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் குறைவதால் பருமணல் முகப்பிலேயே விழுகிறது. களிமண்தான் மதகு வரை போகிறது. கோடையில் நீர் வடிந்தபின் முகப்பில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால், நுண்ணிய சேற்றின்மேல் திடீரெனப் பருமணல் பட்டை ஒன்று தென்படலாம். அது ஏதோ ஒரு மழைக்காலத்தின் வெள்ளம் விட்டுச்சென்றதாக இருக்கும்.

வணக்கம்.