மார்கழிக் கம்மாயும் கிளப் கயாக்கும்

வணக்கம் மக்களே. காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு கம்மாக்கரையில நின்னு பேசுறேன். பின்னாடி பாருங்க, கலுங்கை, அதான் கம்மாய் நிறைஞ்சா தண்ணி வழியுற கல் கட்டை, தொட்டுக்கிட்டு நிக்குது தண்ணி. ஐப்பசி, கார்த்திகையில கொட்டுன மழை இது. குளிர் நாடுகள்ல குளிர்காலம் வந்தா நிறையப் பேர் படகைக் கழுவித் துடைச்சு உள்ள வச்சிருவாங்க. நமக்கு நேர் எதிர். மார்கழி, தை, மாசிதான் நம்ம சீசன். சித்திரை வந்தா இதே இடத்துல ஆடு மேயும். அதனால எங்க கயாக் கிளப்புல, அதான் துடுப்புப் போட்டு ஓட்டுற ஒடுக்கமான சின்னப் படகு கிளப்புல, இருக்கிற அத்தனை பேரும் இந்த மூணு மாசத்துக்குள்ளதான் வர்றாங்க. இருக்கிற கொஞ்சப் படகும் இந்த மூணு மாசத்துலதான் அடிபடுது.

இன்னைக்கு தண்ணியில நம்ம பத்திரமும், கரையில படகோட பத்திரமும் பேசப்போறேன். ரெண்டும் ஒண்ணுதான்னு உறுதியா நினைக்கிறேன். எப்படின்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல குளிர். "செட்டிநாட்டுல என்னப்பா குளிரு"ன்னு கேப்பீங்க. வெள்ளென இங்க 20, 21 டிகிரி இருக்கும். தண்ணி அதைவிட வெதுவெதுன்னு இருக்கும், கையை விட்டுப் பாத்தா சுகமாத் தெரியும். அதை நம்பிராதீங்க. காத்தைவிட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துரும். ஒருதடவை கவுந்து ஏறி, நனைஞ்ச பருத்திச் சட்டையோட வாடைக்காத்துல துடுப்புப் போட்டுப் பாருங்க, பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சிரும். ஒல்லியான பிள்ளைங்களுக்கு இன்னும் சீக்கிரம். பருத்தி தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், சீக்கிரம் காயாது. அதனால பாலியெஸ்டர் டீ-சர்ட், அதுக்கு மேல காத்தைத் தடுக்கிற மெல்லிசான ஜாக்கெட். மாத்துத்துணியும் துண்டும் தண்ணி புகாத ட்ரை பேக்ல படகுலயே இருக்கணும். வண்டியில வச்சிருக்கேன்னு சொல்றது உதவாது, வண்டி அந்தக் கரையில நிக்கும், நீங்க இந்தக் கரையில இருப்பீங்க.

கூட வர்றவங்க மேல ஒரு கண்ணு இருக்கட்டும். நல்லாப் பேசிக்கிட்டு வந்தவர் திடீர்னு அமைதியாயிட்டார், இல்ல சும்மா எரிஞ்சு விழுறார், ஜிப்பை இழுக்கக் கை தடுமாறுது, பேச்சு குழறுது, நடை தள்ளாடுதுன்னா உடம்புச் சூடு இறங்குதுன்னு அர்த்தம். காத்துப்படாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஈரத்துணியைக் கழட்டி, காஞ்சதைப் போர்த்துங்க. நல்ல நினைவோட இருந்தா, சூடா இனிப்பா ஏதாவது குடிக்கக் கொடுங்க. ஃபிளாஸ்க்ல சுக்குமல்லிக் காப்பி கொண்டாந்தா அது போதும். கை காலைத் தேய்க்காதீங்க. கொஞ்சம் ஊத்திக்கிட்டா சூடாகும்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க. சாராயம் தோலுக்கு அடியில இருக்கிற ரத்தக்குழாயை விரிச்சு, உள்ள இருக்கிற சூட்டையும் வெளிய விட்டுரும். குழப்பமாப் பேசினாலோ, மயங்குனாலோ வாயில எதுவும் கொடுக்காம 108-க்கு அடிங்க.

லண்டன், டொராண்டோன்னு போயிருக்கிற நம்ம பிள்ளைங்களும் இதைப் பாக்குறாங்க. உங்களுக்குத் தனியாச் சொல்றேன், அங்க கதை வேற. 15 டிகிரிக்குக் கீழ இருக்கிற தண்ணியில திடீர்னு விழுந்தா, நம்மை அறியாம ஒரு பெரிய மூச்சு உள்ள போகும். அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா முடிஞ்சது. கனடாவுல மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், உறையுற அளவுக்குக் குளிர்ந்த தண்ணிக்கு 1-10-1னு ஒரு கணக்கு சொல்றார். முதல் 1 நிமிஷம் மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர. அடுத்த 10 நிமிஷம்தான் கை கால் சொன்னபடி கேக்கும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். பயந்து தண்ணியை அடிச்சு அந்த முதல் நிமிஷத்தைத் தொலைச்சிராதீங்க. வெளிய வெயில் அடிக்குதேன்னு டீ-சர்ட்டோட இறங்காதீங்க. தண்ணியோட குளிருக்கு உடுத்துங்க, தண்ணி புகாத ட்ரை சூட்டோ, நனைஞ்சாலும் உடம்புச் சூட்டைக் காக்குற வெட் சூட்டோ.

சரி, நம்ம கம்மாய்க்கு வருவோம். இங்க குளிரைவிட ஆபத்து தண்ணிக்கு அடியில இருக்கு. கேமராவை அங்கிட்டுத் திருப்புறேன். அந்தக் கல் தூண் தெரியுதா? அது மடை. வயலுக்குத் தண்ணி திறந்திருந்தா, மேல பாத்தா ஒரு அசைவும் தெரியாது, அடியில இழுத்துக்கிட்டு இருக்கும். படகு தப்பிச்சிரும், விழுந்த ஆளோட கால் போய் அடைச்சுக்கும். மடைப்பக்கம் போகவே வேண்டாம். கலுங்குல தண்ணி வழிஞ்சு மறுகால் போற நாள்ல அந்தப் பக்கமும் வேண்டாம். வழுவழுன்னு மெல்லமா ஓடுற மாதிரி இருக்கும், தாண்டி விழுந்தா கல்லு.

கம்மாய்க்குள்ள கருவேல மரம் நிக்கிறதைப் பாருங்க. பாதி மரம்தான் வெளிய தெரியுது, மீதி முள்ளு தண்ணிக்குள்ள. வெறுங்காலோட யாரும் இறங்கக் கூடாது, கட்டுற செருப்போ ஷூவோ வேணும். கவுந்தா எழுந்து நிக்கப் பாக்காதீங்க, சகதியில கால் மாட்டும். படகை விடாம பிடிச்சுக்கிட்டு மிதங்க. மார்கழிப் பனி இறங்குன நேரத்துல எதிர்க்கரை தெரியலைன்னா, தெரியுற வரைக்கும் கரையிலயே இருங்க. மீன்வலை போட்டிருப்பாங்க, மீன்குத்தகை எடுத்தவங்ககிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும் கேட்டுட்டுத்தான் இறங்கணும். குடிதண்ணி ஊருணியில எந்தப் படகும் வேண்டாம், அது கேக்கவே கூடாத விஷயம். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்குல்ல, அங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்க்காரங்க இருக்காங்க. அவங்களை நினைச்சாவது, எந்தக் கம்மாயிலயும் கூடு இருக்கிற மரத்துக்கிட்டப் படகைக் கொண்டு போகாதீங்க.

லைஃப் ஜாக்கெட். மிதக்க வைக்கிற விசை 50 நியூட்டன்னு போட்டிருந்தா, அது நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு, கரை கிட்ட இருக்கிற தண்ணிக்கு. நீச்சல் தெரியாதவங்களுக்கு 100 வேணும். போட்டு எல்லா வாரையும் இறுக்குன பிறகு, தோள்பட்டையில பிடிச்சு ஒருத்தரைத் தூக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறுனா அது உங்க அளவு இல்ல. விசில் அதுலயே கட்டியிருக்கணும், மூணு ஊதல்னா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். தயவுசெஞ்சு அதை மடிச்சுப் போட்டு உக்காராதீங்க. உள்ள இருக்கிற ஃபோம் நசுங்கிரும், அடுத்து அதைப் போடுறவர் மிதக்கிறதுக்கு அதைத்தான் நம்பி இறங்குறார்.

இப்பப் படகு. எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இது.

இந்தப் பின்பக்க அடியைக் கிட்டத்துல காட்டுறேன். சுரண்டி மெலிஞ்சிருக்கு பாருங்க. நம்ம ஊர் மண்ணு செம்பூரான் கல்லு, அரத்தை வச்சு ராவுற மாதிரி ராவிரும். ஒத்தை ஆளா முன்னாடி பிடிச்சு இழுத்துட்டுப் போனா, எல்லாப் பாரமும் பின்முனையில விழும். ரெண்டு பேர் சேந்து தூக்குங்க. ஆள் இல்லையா, காத்திருங்க. காத்தடிக்கிற படகுன்னா இன்னும் கவனம், கரையில உதிர்ந்து கிடக்கிற சீமைக்கருவேல முள்ளைக் கூட்டித் தள்ளிட்டுத்தான் கீழ வைக்கணும்.

வைக்கிற இடம். பாலித்தீன் படகு வெயிலுக்கு இளகி வளையும், வருஷக்கணக்கா வெயில் பட்டா மொறுமொறுன்னு ஆகும். தகரக் கொட்டகைக்குள்ள வச்சாலும் சூடுதான், அதனால கீத்துக்கொட்டகை நல்லது. கவுத்தியோ பக்கவாட்டுலயோ ரெண்டு கட்டை மேல வைங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, கயித்தைப் போட்டு முறுக்காதீங்க. அடியில குழி விழுந்தா வெயில்லயோ சுடுதண்ணியிலயோ கொஞ்சம் இளக்கி உள்ள இருந்து தள்ளுனா பெரும்பாலும் சரியாயிரும், வெடிப்பு அப்படிச் சரியாகாது. உக்கார்ற குழிக்கு மூடி போட்டு வைங்க. எலி, குளவி, பாம்பு எல்லாத்துக்கும் அது வீடு. எடுக்கும்போது துடுப்பால ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் கையை விடணும். ஆகாயத்தாமரைத் துண்டு ஒட்டியிருந்தா இங்கயே எடுத்துப்போட்டு, கழுவிக் காயவச்சிட்டுத்தான் அடுத்த கம்மாய்க்குக் கொண்டு போகணும். இல்லாட்டி அந்த ஊருக்கும் அதைக் கொண்டுபோய் விட்ட பாவம் நமக்கு.

இந்தச் சின்ன அடைப்பானைப் பாருங்க, ட்ரெயின் ப்ளக். ஓட்டி முடிச்சதும் இதைத் திறந்து உள்ள இருக்கிற தண்ணியை வடிக்கணும், உள்ள காயுறதுக்காகத் திறந்தே வைக்கணும். சரி. ஆனா அடுத்து வர்றவர் அதைப் பாக்காம இறங்கிட்டா? கரையில ஒண்ணும் தெரியாது. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா படகோட உடம்புக்குள்ள ஏறும், நடுக்கம்மாய்க்குப் போன பிறகுதான் படகு கனமாகி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், அப்புறம் கவுந்தா லேசுல நிமித்த முடியாது. அதனால எங்க கிளப்புல ப்ளக்கைக் கழட்டுனா, உக்கார்ற இடத்துல கயித்தோட கட்டித் தொங்க விடணும். உக்காரப் போறவர் கண்ணுல அது பட்டே ஆகணும். ஹேட்ச் மூடி, அதான் சாமான் வைக்கிற அறையோட மூடி, கால் மிதி, முன் பின் கைப்பிடிக் கயிறு, படகைச் சுத்தி இருக்கிற கயிறு, இதையும் ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. கவுந்தவர் முதல்ல பிடிக்கிறது அந்தக் கயித்தைத்தான். நான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னது இதுக்குத்தான்.

பொதுப் படகுல பெரிய சிக்கல், யாரும் சொல்றதில்ல. வெடிப்பு விட்டுச்சா, சத்தமில்லாம வச்சிட்டுப் போயிருவாங்க. பூட்டிக் கிடக்கிற நம்ம பெரிய வீடுகளை நினைச்சுப் பாருங்க. பங்காளிகளுக்கெல்லாம் பொது. ஒரு ஓடு நழுவுனதை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா ஒரு ஓட்டோட போயிருக்கும். யாராவது பாப்பாங்கன்னு விட்டதுல மழைத்தண்ணி இறங்கி பர்மாத் தேக்கு உத்தரமே உளுத்துப் போச்சு. படகு வீடு மாதிரி வருஷக்கணக்கா பொறுக்காது, அடுத்த நாளே ஆளோட தண்ணிக்குள்ள போயிரும்.

அதனால கொட்டகையில ஒரு நோட்டு தொங்கணும். படகு நம்பர், தேதி, யார் எடுத்தாங்க, என்ன பழுது. பழுதுன்னா துடுப்பு மாட்டுற இடத்துல சிவப்புத் துணி, அதைச் சரிபண்ணுனவர்தான் அவிழ்க்கணும். பழுது பண்ணுனவங்களுக்கு அபராதம் போடணும்னு சில பேர் சொல்றாங்க. நான் அதை எதிர்க்கிறேன். காசு கட்டணும்னா யாரும் எழுத மாட்டாங்க, பழுது மறையும், படகு மறுநாள் தண்ணிக்குப் போகும். எழுதுனவருக்கு நன்றி சொல்லுங்க, செலவைக் கிளப் பாத்துக்கட்டும்.

தொண்டி, காரங்காடுன்னு கடலுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. இந்த மாசங்கள்ல வாடைக்காத்து பாக் விரிகுடாவுல நேரா வந்து அடிக்கும். அங்க ஆழம் குறைவு, அதனால அலை குட்டையா, நெருக்கமா எழும்பும், கயாக்குக்கு அது ரொம்பச் சிரமம். வானிலை மையம் மீனவர்களுக்குக் கொடுக்கிற எச்சரிக்கையைப் பாருங்க, கரையில மீனவர்கிட்டயும் கேளுங்க. அவர் இன்னைக்கு வேண்டாம்னா வேண்டாம்தான். மூணு பேருக்குக் குறைஞ்சு கடல்ல இறங்காதீங்க. திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில சுக்கான் கம்பி, திருகாணி எல்லாம் படக் கழுவுங்க, உப்பு அரிச்சிரும்.

இந்த மஞ்சக் கயாக்கை இன்னைக்கு எடுக்கலாம்னு வந்தேன். பின் ஹேட்ச் ரப்பர் ஒரு பக்கம் விட்டிருக்கு, விரல் உள்ள போகுது பாருங்க. நோட்டுல எழுதிட்டுத் துணியைக் கட்டிட்டு, அந்த நீலப் படகை எடுக்கிறேன். கவுந்த படகுல தண்ணிக்குள்ள இருந்தே எப்படி ஏறுறதுன்னு அடுத்த வீடியோல இறங்கியே காட்டுறேன். உங்க கிளப்புல நோட்டு இருக்கா, எப்படி எழுதுறீங்கன்னு கீழ சொல்லுங்க.