மூன்று புள்ளடி, ஒரே தொகுதி: கொழும்பு மத்தியின் கதை

[திரையில்: புறக்கோட்டைச் சந்தை, தலையில் மூட்டையோடு நாட்டாமைமார்]

ஒரு வாக்குச்சீட்டில் ஒரே வேட்பாளருக்கு மூன்று புள்ளடி போடலாம் என்றால் நம்புவீர்களா? கொழும்பு மத்தியில் முப்பது வருடம் அதுதான் நடந்தது. எண்ணி முடித்தால், வந்த ஆட்களை விட வாக்குகள் பல மடங்கு இருக்கும். கள்ள வாக்கு இல்லை, சட்டமே அப்படித்தான்.

புறக்கோட்டை, மருதானை, மாளிகாவத்தை, வாழைத்தோட்டம். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், மலாயர், பறங்கியர் எல்லோரும் சுவரோடு சுவராக வாழ்ந்த பகுதி. இங்கே ஒருவரை மட்டும் தெரிவு செய்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பு இதற்குப் பல அங்கத்தவர் தொகுதி என்று ஒரு வழி வைத்திருந்தது. 1947 தேர்தலில் இருந்த 89 தொகுதிகளில் மூன்று உறுப்பினர்களை அனுப்பியது கொழும்பு மத்தி மட்டுமே.

[திரையில்: வாக்குச்சீட்டு வரைபடம்]

கணக்கு சுலபம். உங்களிடம் மூன்று வாக்குகள். மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், ஒருவருக்கே மொத்தமாகவும் போடலாம். வாக்களித்தவர்களில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதலானவர்கள் ஒற்றுமையாக மூன்றையும் ஒரே ஆளுக்குப் போட்டால், அவரை யாராலும் தோற்கடிக்க முடியாது.

1947இல் வென்றவர்களைப் பாருங்கள். 1923 பொது வேலைநிறுத்தத்தை நடத்திய தொழிற்சங்கவாதி ஏ. ஈ. குணசிங்க. சாஹிராக் கல்லூரி அதிபர், மலாயரான ரி. பி. ஜாயா. கேம்பிரிட்ஜில் படித்த பறங்கியர், நீதிபதியின் மகன், கம்யூனிஸ்ட் பீற்றர் கெனமன். மூன்று சமூகம், மூன்று கட்சி! இந்த மூவரில் கெனமன்தான் நிலைத்து நின்றார். 1977 வரை ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை.

அவருக்குச் சரியான போட்டி குணசிங்கவின் பாசறையிலிருந்தே வந்தது. வாழைத்தோட்டத்துப் பையன் ரணசிங்க பிரேமதாச, ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய், 1960 மார்ச்சில் இங்கே வென்றார். ஜூலையில் மறுபடி தேர்தல், தோற்றார். 1965இல் திரும்பி வந்தார், பிறகு அசைக்க முடியவில்லை.

[திரையில்: ஒற்றை அறை வீடுகள், பொதுத் தண்ணீர்க் குழாய்]

இந்தத் தொகுதியின் உண்மையான பிரச்சினை வீடுதான். ‘தோட்டம்’ என்பார்கள், ஆனால் மரம் செடி எதுவும் இருக்காது. வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் ஒரே குழாய், மாதம் பிறந்தால் வாடகை. அதனால்தானோ என்னவோ, நாட்டின் வீடமைப்பு அமைச்சர்கள் இருவர் அடுத்தடுத்து இங்கிருந்தே வந்தார்கள். 1970இல் அமைச்சரான கெனமன், ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று 1973இல் சட்டத்தால் வரம்பு கட்டினார். மிஞ்சிய வீடுகளை வாடகைக்கு இருந்தவர்களே வாங்க வழி பிறந்தது. 1977க்குப் பின் பிரேமதாச ஒரு இலட்சம் வீடு, பிறகு பத்து இலட்சம் வீடு என்று திட்டம் போட்டார். ஒருவர் வீட்டுக்காரரின் கையைக் கட்டினார், மற்றவர் புதிதாகக் கட்டச் சொன்னார். இருவரையும் ஒரே வாக்காளர்கள்தான் அனுப்பினார்கள்.

1977இல் கெனமன் தோற்றார். பிரேமதாசவோடு அதே கட்சியின் ஜாபிர் ஏ. காதரும், சுதந்திரக் கட்சியின் ஹலீம் இஷாக்கும் வந்தார்கள். நாடு முழுக்கச் சுதந்திரக் கட்சிக்கு அன்று கிடைத்ததே எட்டு ஆசனம். அதில் ஒன்று இது, இன்னொன்று நுவரெலியா-மஸ்கெலியா. அதுவும் மூன்று உறுப்பினர் தொகுதிதான்! அங்கே மூன்றாவதாக வந்துதான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் போனார்.

அப்புறம் 1978 அரசியலமைப்பு, கட்சிகள் பெறும் வாக்குகளுக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 தேர்தலோடு கொழும்பு மத்தி தன் உறுப்பினர்களை இழந்து, கொழும்பு மாவட்டத்துக்குள் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாகச் சுருங்கியது. முடிவுகள் அறிவிக்கும் இரவில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் கேட்கும்.

இன்றைக்கும் கட்சிக்குப் போடும் வாக்கோடு, அதன் வேட்பாளர்களில் விரும்பியவர்களுக்குப் போட வாக்காளர் கையில் மூன்று விருப்பு வாக்கு உண்டு. ஆனால் மூன்றையும் ஒரே பெயருக்குப் போட முடியாது.