நிலநடுக்கமும் நம்ம ஊர்க் குளமும்
(குளச்சலில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் சோலிக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடையை விட்டுவிட்டுப் புத்தகம் தந்த செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நிலநடுக்கத்தைச் செயற்கைக்கோள் எப்படி நிறுக்கிறது. நடுங்கி ஓய்ந்த பிறகு பூமிக்குள் என்ன நடக்கிறது. சுனாமி எச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது.

2004 டிசம்பர் 26 பற்றி இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுமத்ராவிலிருந்து அந்தமான் பக்கம் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை பிளந்தது. அப்போது மேலே ‘கிரேஸ்’ என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 2002 மார்ச்சில் ஏவியவை. ஒன்றின் பின்னால் ஒன்று, இடையே ஏறத்தாழ 220 கிலோமீட்டர். கீழே கனமான இடம் வந்தால் முன்னே போவதை அது முதலில் இழுக்கும், இடைவெளி கூடும். பின்னதும் வந்து சேர்ந்தால் குறையும். தலைமுடியின் தடிமனை விடச் சின்ன மாற்றத்தையும் அளந்துவிடுவார்கள். மாதாமாதம் அளந்து, அளந்து, அப்புறம் எங்கே ஈர்ப்பு கூட, எங்கே குறைவு என்று வரைபடம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா?

இதைத் திங்கள்சந்தையில் ஒரு வாழைக்குலை வியாபாரியிடம் சொன்னேன். அந்த நிலநடுக்கத்தால் அந்தமான் கடல் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது என்றேன். கையிலிருந்த செந்தொழுவன் குலையைக் கீழே வைத்துவிட்டார். “அப்பம் சாரே, அங்க கொண்டு போனா குலை எடை கொறையுமா?” குறையும், ஆனால் தட்டுத் தராசில் தெரியாது, எடைக்கல்லும் அதே அளவு இளைத்துவிடும், சுருள்வில் தராசில்தான் தெரியும் என்றேன். “எவ்வளவு கொறையும்?” கணக்குப் போட்டேன். ஒரு டன் குலைக்குப் பதினைந்து மில்லிகிராம். அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: “இதுக்கா ராக்கெட்டு விட்டாவ? இவன் தராசுல சுண்டுவிரலை வச்சாலே அரைக்கிலோ வருமே!” அன்றைக்கு எனக்கு மட்டிப்பழம் விலையில்லாமல் கிடைத்தது. பக்கத்துக் கடைக்காரர் மட்டும் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, இரண்டாவது செய்தி. குறைந்த ஈர்ப்பு அப்படியே நிற்கவில்லை. மாதங்களாக, வருடங்களாக மெல்ல ஈடாகிக்கொண்டே வந்தது. பாறைத்தட்டுக்குக் கீழே உள்ள சூடான பாறை மெதுவாக நகர்ந்து அந்தக் குறையை நிரப்புகிறது என்பது ஒரு விளக்கம். ஆழத்தில் உள்ள நீர் பரவியதும் காரணமாகலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். பாருங்கள், அங்கேயும் தண்ணீர்! அடி மேல் அடி, அம்மி நகர்கிறது.

இன்னொன்று கேளுங்கள். நிலநடுக்கத்தின் தடத்தைப் பார்க்க வேண்டுமென்றால், மழையும் ஆறும் நிலத்தடி நீரும் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை முதலில் கழிக்க வேண்டும். விஞ்ஞானிகள் கழித்துவிட்டு மேலே போகலாம். நாம் போக முடியுமா? ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று கண்டுபிடித்ததும் இதே இரட்டைக் கோள்கள்தாம். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமான மாற்றம்தான் அவற்றுக்குத் தெரியும். நம்ம ஊர்க் குளம் தெரியாது. மடையில் சிமெண்ட் பூசி அடைத்தது, மறுகாலில் கட்டட இடிபாட்டைக் கொட்டியது, ஆகாயத்தாமரை மூடிய பிறகு ‘இது குளமே இல்லை’ என்று சொன்னது, எதுவும் மேலிருந்து தெரியாது. கரையில் நிற்கும் நமக்குத் தெரிய வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலுக்குத் தண்ணீர் தந்த குளங்கள் இவை.

மனு கொடுத்தோம், ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். மறுபடி கொடுத்தோம், மனுவைக் காணோம் என்றார்கள். பரவாயில்லை, மறுபடியும் கொடுப்போம். அம்மி ஒரு நாளில் நகர்ந்ததாகக் கதை இல்லை. நகர்மன்ற உறுப்பினர் தலையாட்டுகிறார், அதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மணி அடித்துவிட்டார். சுனாமி எச்சரிக்கை அடுத்த ஆண்டு விழாவுக்கு. கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா செயலாளரிடம் வாங்கிக்கொள்ளலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.