எய்தவன் இருக்க அம்பை நோவானேன்

(மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராம நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவராக வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, மேனாள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, குறுவை அறுவடைக்கு இயந்திரம் கிடைக்காத நெருக்கடியிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சால்வை போர்த்திய நூலகர் அவர்களுக்குத் தனியே நன்றி. அந்தக் காசுக்கு நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்குங்கள் என்று எல்லா மேடையிலும் சொல்லி வருகிறேன், சால்வைதான் வந்துகொண்டிருக்கிறது.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவரை முன்வரிசையில் வைத்துக்கொண்டு நோயைப் பற்றிப் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும், மக்கள் எந்த மாத்திரையை நம்பி விழுங்குகிறார்கள், எதை வாங்கிக்கொண்டு போய் வாய்க்காலில் வீசுகிறார்கள் என்பது மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றவனுக்கு நன்றாகத் தெரியும். சர்க்கரை நோய்க்கும் இன்சுலின் சுரக்கும் உறுப்பான கணையத்துக்கும் உள்ள உறவு, மாத்திரைகளின் மீது விழுந்த பழி, நம் டெல்டாவின் மூன்று வேளைச் சோறு என மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம், நல்ல உழைப்பாளி, அறுபதை நெருங்கிய விவசாயி. குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அவருக்குத் திடீரென்று வந்தது. மாத்திரை எழுதினார்கள், சர்க்கரை குறையவில்லை. சோற்றைக் குறைத்தார், காப்பியில் சீனியை விட்டார், அப்போதும் ஏறியது. இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். அது சிட்டாகிளிப்டின். 2022-இல் காப்புரிமை முடிந்து விலை சரிந்தபின் எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை. இதற்கிடையில் மனிதர் மெலிந்துகொண்டே வந்தார். நாற்றங்காலில் குனிந்தபோது கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்துவிட்டது. வீட்டம்மா மோதிரத்தைத் தேடச் சொல்லி ஆள் விட்டார். விரல் ஏன் மெலிந்தது என்று கேட்பார் இல்லை. “சர்க்கரை வந்தால் இளைக்கத்தானே செய்யும்” என்று ஊரே சமாதானம் சொன்னது. சம்பந்தி வீட்டார் மட்டும் “தொப்பை குறைந்து மாப்பிள்ளை போல இருக்கிறீர்கள்” என்று பாராட்டினார்களாம்! பிறகு முதுகில் வலி. மூட்டை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்தார்கள். கடைசியில் தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. மறுநாள் காலை அவருடைய மகன் மருந்துச் சீட்டை என் ஜன்னலுக்குள் வீசி, “நீங்கள் கொடுத்த மாத்திரைதான் எங்கப்பாவுக்குப் புற்றுநோயைக் கொடுத்தது, கைபேசியில் எல்லாம் வந்திருக்கிறது” என்று கத்தினான். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் மாத்திரை வாங்காமலே திரும்பினார்கள். அந்தப் பிள்ளையிடம் எனக்குக் கோபமில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஏறியிருக்காது. ஆகவே இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டது சில மாதங்கள். கணையத்தில் முதல் செல் பிறழ்வதற்கும் அது புற்றுக்கட்டியாக உருவெடுப்பதற்கும் இடையே பத்தாண்டுகளுக்குக் குறையாமல் ஆகும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் கணக்கிட்டார்கள். அப்படியானால் நேற்று வந்த மாத்திரை எப்படிக் குற்றவாளியாகும்? நடந்தது தலைகீழ். கட்டி சுரக்கும் பொருள்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. ஏறிய சர்க்கரைக்குப் புது மாத்திரை எழுதப்படுகிறது. பிறகு கட்டி தெரிகிறது. பழி மாத்திரையின் தலையில் விழுகிறது. கட்டியை அறுத்தெடுத்தபின், அண்மையில் வந்த சர்க்கரை பலருக்குத் தணிவதும், பல்லாண்டுப் பழைய சர்க்கரை அப்படியே நிற்பதும் இதற்குச் சான்று. அதற்காகப் பழைய சர்க்கரைக்காரர்களுக்குப் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். நெடுநாள் சர்க்கரை கணையப் புற்றுநோயின் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்குகிறது.

சிட்டாகிளிப்டின் போன்ற மருந்துகள் கணையப் புற்றுநோயை உண்டாக்குமோ என்ற ஐயம் எழுந்தது உண்மை. 2011-இலும் 2013-இலும் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து ஆராய்ந்து, காரணத் தொடர்பு இருப்பதாகச் சொல்லும் வாதம் கையிலுள்ள தரவுகளோடு பொருந்தவில்லை என்று 2014-இல் அறிவித்தன. 2015-இல் வெளியான சிட்டாகிளிப்டின் ஆய்வில் 14,671 பேர் இருந்தார்கள்; மாத்திரை பெற்ற பிரிவில் 9 பேருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் 14 பேருக்கும் கணையப் புற்றுநோய் வந்தது. மீண்டும் சொல்கிறேன், எய்தவன் இருக்க அம்பை நோவானேன்! ஆனால் ஒன்று: இந்த வகை மாத்திரைகளுக்கும், இப்போது எடை குறைக்கவும் போட்டுக்கொள்கிற செமாகுளுடைடு போன்ற ஊசிகளுக்கும் கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்ணாவது, பற்றிய எச்சரிக்கை உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பாய்ந்தால், அடுத்த வேளை மருந்தைப் போடாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் புற்றுநோயை அடக்கும் என்று எதிர்ப்பக்கமாகப் பரவிய புகழும், முற்றிய நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது நிலைக்கவில்லை.

மேடைக்கு மேடை நான் கெஞ்சிக் கேட்கும் காரியத்துக்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்த 2,122 பேரில் 18 பேருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எனவே நாளைக் காலை எல்லாரும் ஸ்கேன் எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம். அந்த ஒருவரைக் காட்டிக்கொடுப்பது எடை. சர்க்கரை ஏற, எடை இறங்க, இரண்டும் சேர்ந்து நடந்தால் அங்கே சந்தேகப்பட வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தைத் தராசில் வைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவி குத்திப் பார்க்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் நாம் சண்டைக்குப் போகிறோம். அந்த நெல்லை விளைவித்தவர் ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தால் கேட்க ஆளில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் சகோதரிகள் வீடுதேடி மாத்திரை கொண்டுவருகிறார்கள். மாத்திரை கொடுக்கும் அதே கையால் சர்க்கரை நோட்டில் அந்த மாத எடையையும் எழுதினால் போதும். ஐம்பது கடந்தவர், சர்க்கரை புதிதாக வந்தவர், உணவைக் குறைக்காமலே இளைப்பவர் என்று மூன்றும் பொருந்தினால், திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவைத்தலைவர் அவர்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப இசைந்திருக்கிறார். கையெழுத்துத் தாள் நூலகரிடம் இருக்கிறது.

சோற்றைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். தலைவர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பந்தியில் இலையும் போட்டாயிற்று என்கிறார்கள். அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். பந்திக்குப் போகும் வழியில் நூலக மேசையருகே எடை பார்க்கும் இயந்திரம் வைத்திருக்கிறோம். சாப்பிடுவதற்கு முன்பே, செருப்பையும் சாவிக்கொத்தையும் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். நன்றி, வணக்கம்.