சந்தேகங்களுக்கு விளக்கம்: ஃபோர்க்லிஃப்ட் ஓடுற குடோன்ல டேக் போடறதா, கேமரா போடறதா?

அடுத்த கேள்வி ஒரகடத்துலருந்து வந்திருக்கு. ஒரு வேர்ஹவுஸ்ல ஷிப்ட் இன்சார்ஜா இருக்கற நண்பர் கேக்கறாரு. அவர் எழுதினதைச் சுருக்கிச் சொல்லிடறேன்.

"சார், எங்க குடோன்ல ஆறு ஃபோர்க்லிஃப்ட் ஓடுது. நாலு பேட்டரி வண்டி, ரெண்டு டீசல். எல்லாமே வாடகை வண்டி. ரேக்லருந்து சரக்கு எடுத்துச் சேர்க்கற பிக்கிங் ஆளுங்க, லோடுமேன், லாரி டிரைவர், ஹவுஸ்கீப்பிங் அக்காங்க எல்லாரும் அதே தரையிலதான் நடக்கறாங்க. போன மாசம் ரேக் முனையில ஒரு பையன் நூலிழையில தப்பிச்சான். மேனேஜ்மென்ட்ல இப்ப சேஃப்டி சிஸ்டம் போடலாம்னு சொல்றாங்க. ஒரு கம்பெனி, ஆள் மேல சின்ன ரேடியோ கருவி மாட்டிவிடற டேக் சிஸ்டம் காட்டினாங்க. இன்னொருத்தர் ஏஐ கேமராங்கறார். மூணாவது ஆள் நீல லைட் மாட்டினா போதும்ங்கறார். எதை வாங்கறது? வாடகை வண்டியில இதெல்லாம் மாட்ட முடியுமா?"

அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலைங்கறது பெரிய நிம்மதிங்க. நீங்க அதை அப்படியே விட்டுடாம கேள்வியா எழுதி அனுப்பினதுக்கு என் நன்றி.

நேரா பதிலுக்கு வந்துடறேன். ரேக் முனையில தப்பிச்ச அந்தப் பையனைக் கேமரா காப்பாத்தியிருக்காது, டேக் காப்பாத்தியிருக்கும். லாரியில லோடு ஏத்தி இறக்கற உங்க டாக்ல நிக்கற லாரி டிரைவரை டேக் காப்பாத்தாது, கேமரா காப்பாத்தும். அதனால எந்த சிஸ்டம் நல்லதுன்னு கேக்கறதை விட, எந்த இடத்துல எந்த ஆளுக்கு ஆபத்துன்னு முதல்ல பார்க்கணும். அதோட, எதை வாங்கினாலும் அது வண்டியோட வேகத்தைத் தானா குறைக்கணும். வெறும் சத்தம் மட்டும் போடற சிஸ்டத்துக்கு நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஏன்னு கணக்குப் போட்டே பார்த்துடலாம். வண்டி 10 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னு வைங்க. நொடிக்கு 2.8 மீட்டர். ஆபரேட்டர் ஆளைப் பார்த்து, புரிஞ்சு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடின்னு வச்சாலே 2.8 மீட்டர் போயாச்சு. லோடோட இருக்கற வண்டி நிக்க இன்னும் ரெண்டரை மீட்டர் வேணும். ஆக 5 மீட்டருக்கு மேல. இதையே 15 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்க, 10 மீட்டர் கிட்ட வருது. 5 கிலோமீட்டர்ல வந்தா 2 மீட்டர் சொச்சத்துல நின்னுடும். ரேக்குக்கு நடுவுலருந்து ஒருத்தர் வெளிய வரும்போது உங்களுக்குக் கிடைக்கற தூரமே 2, 3 மீட்டர்தான். 3 டன் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வெறுமனே 4 டனுக்கு மேல எடை இருக்கும். அது மெதுவா வந்தா மட்டும்தான் அந்தத் தூரத்துக்குள்ள நிக்கும்.

பேட்டரி வண்டியில அதிகபட்ச வேகத்தை, மோட்டாரை இயக்கற கன்ட்ரோலரோட செட்டிங்லயே குறைக்கலாம். சர்வீஸ் இன்ஜினியர் வந்து மாத்திக் குடுத்துடுவார், புதுசா எதுவும் வாங்க வேண்டியதில்ல. உங்க நாலு பேட்டரி வண்டிக்கும் இந்த வாரமே இதைச் செய்யச் சொல்லுங்க. டிஸ்பேட்ச் தாமதமாகும்னு எதிர்ப்பு வரும். ஆனா குடோன்ல ஒரு வண்டியோட நேரம் பெரும்பாலும் பேலட் (சரக்கு அடுக்கற பலகை) எடுக்கறதுலயும் வைக்கறதுலயும் காத்துக்கிட்டு நிக்கறதுலயும்தான் போகுது. ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டுப் பேசுங்கன்னு சொல்லுங்க.

இப்ப டேக் சிஸ்டத்துக்கு வரேன். நல்ல டேக் சிஸ்டம் அல்ட்ரா வைட்பேண்ட்ங்கற முறையில வேலை செய்யுது. வண்டியில ஆன்டெனா இருக்கும், ஆள்கிட்ட டேக் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ரொம்பக் குட்டியான ரேடியோ துடிப்பு போய் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து தூரத்தைக் கண்டுபிடிக்கும். ரேடியோ அலை நூறு கோடியில ஒரு பங்கு நொடியில 30 சென்டிமீட்டர் போகும். அந்த நேரத்தையே அளக்கறதால தூரம் 10லருந்து 30 சென்டிமீட்டர் துல்லியத்துல கிடைக்குது. விலை குறைவான டேக் சிலது புளூடூத் சிக்னலோட பலத்தை வச்சுத் தூரத்தை ஊகிக்கும். நடுவுல ஒரு ரேக் வந்தா, ஆள் திரும்பி நின்னா, அந்த ஊகம் மீட்டர் கணக்குல தப்பிப்போகும். அதனால தூரத்தை எப்படி அளக்கறீங்கன்னு விக்கறவங்ககிட்ட முதல் கேள்வியா கேளுங்க.

டேக்கோட பெரிய பலம், ரேக் மறைச்சாலும், அட்டைப்பெட்டி அடுக்கு மறைச்சாலும் ஆள் இருக்கறதைச் சொல்லிடும். கண்ணாலயோ கேமராவாலயோ முடியாத வேலை இது. ஆனா தண்ணியும் இரும்பும் அந்த அலையைத் தடுக்கும். உங்க குடோன்ல எண்ணெய் டிரம், ஜூஸ் பாட்டில், ஷீட் மெட்டல்னு அடுக்கியிருந்தா அந்த வரிசையில போய் கட்டாயம் சோதிச்சுப் பார்க்கணும். மனுஷ உடம்புலயும் பெரும்பகுதி தண்ணிதான். டேக்கை இடுப்புல முன்பக்கம் மாட்டிட்டு முதுகைக் காட்டி நின்னா சிக்னல் பலவீனமாயிடும். ஹெல்மெட்லயோ தோள்பட்டையிலயோ இருக்கறது நல்லது.

ஒரு விஷயத்தை நிறைய பேர் கேக்கறதே இல்ல. ஆபரேட்டர்கிட்டயும் டேக் இருக்கும் இல்லையா, அவர் சீட்ல இருக்கறவரைக்கும் அவரோட வண்டி அந்த டேக்கைக் கணக்குல எடுக்கக்கூடாது. அது சரி. ஆனா அவர் கீழே இறங்கின அந்த நொடியிலருந்து அவரும் நடக்கற ஆள்தான். பேலட்டைச் சரிபண்ண இறங்குவார், லேபிள் பார்க்க இறங்குவார். பக்கத்து வண்டி அவரை மோதலாம். ஹேண்ட் பிரேக் போடாம சரிவுல இறங்கினா அவரோட வண்டியே அவர் மேல வரலாம். சீட் சுவிட்சோட டேக் இணைஞ்சிருக்கான்னு கேட்டு, டெமோல இறங்கிக் காட்டச் சொல்லுங்க.

டேக்கோட பெரிய ஓட்டை, டேக் இல்லாத ஆள். வடக்கேருந்து நாலு நாள் ஓட்டிட்டு வந்த லாரி டிரைவர், அவரோட கிளீனர், அன்னிக்கு மட்டும் வந்த காண்ட்ராக்ட் லோடுமேன், ஏர் கண்டிஷன் பார்க்க வந்த மெக்கானிக். இவங்களுக்கு உங்க குடோனோட போக்குவரத்தும் தெரியாது, கழுத்துல டேக்கும் இருக்காது. செக்யூரிட்டி கேட்ல விசிட்டர் டேக் குடுத்துத் திரும்ப வாங்கற ஏற்பாடு வேணும். அதோட சார்ஜ் இருக்கான்னு பார்க்க ஒரு ஆள் வேணும். லாரி டிரைவருக்கு டேக்கை விட நல்ல வழி, வண்டியை டாக்ல விட்டதும் சாவியை வாங்கி வச்சுக்கிட்டு, ஃபேனும் தண்ணியும் இருக்கற ஒரு ரூம்ல உக்கார வைக்கறது. லோடு முடிஞ்சதும் சாவி. லோடு ஏறும்போதே லாரி நகர்ந்துடற விபத்தையும் இது தடுக்குது. ரூம் வசதியா இருக்கணும், இல்லேன்னா அவர் வெளிய வந்துடுவார். அது அவர் தப்பு இல்ல.

ஏஐ கேமரா அந்த ஓட்டையை அடைக்கும். யார் கழுத்துல என்ன இருக்குன்னு அதுக்குக் கவலை இல்ல, மனுஷ உருவம் தெரிஞ்சா போதும். ஆனா தெரியணும். விக்க வர்றவங்க நல்ல வெளிச்சத்துல, ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆளை நேரா நடக்கவிட்டுக் காட்டுவாங்க. அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. கீழ் ரேக்ல லேபிள் ஸ்கேன் பண்ண ஒருத்தரைக் குந்தி உக்காரச் சொல்லுங்க. சாம்பல் நிற சட்டை போட்ட ஒருத்தரைப் பேலட்டுக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு நிக்கச் சொல்லுங்க. சாயங்காலம் 4 மணிக்கு மேற்குப் பார்த்த டாக் கதவைத் திறந்து வச்சுட்டு, வெயில் நேரா லென்ஸ்ல அடிக்கும்போது அந்தக் கதவுல ஒருத்தரை நிறுத்துங்க. நைட் ஷிப்ட்ல கன்டெய்னருக்குள்ள இருட்டுல ஒருத்தரை நிறுத்துங்க. ஒரு வாரத் தூசி படிஞ்ச லென்ஸோடவும் பாருங்க. இதுல எங்கெங்க தவறுதோ அந்த இடங்களை எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் விலை பேசுங்க.

கேமராவை எந்தப் பக்கம் மாட்டறதுன்னும் கேப்பீங்க. பின்பக்கத்தை மறக்காதீங்க. ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்துல திரும்பற வண்டி. முன்பக்கம் இடதுபக்கம் திரும்பினா, பின்பக்கம் வலதுபக்கம் வீசிக்கிட்டுப் போகும். ரேக்குக்கும் வண்டிக்கும் நடுவுல நிக்கறவர், வண்டி தன்னை விட்டு விலகிப் போகுதுன்னு நினைப்பார், அதே நொடியில பின்பக்கம் அவரை ரேக்கோட அழுத்திடும். பேலட் உயரமா இருந்தா முன்னாடி ஒண்ணும் தெரியாது, ரிவர்ஸ்லதான் ஓட்டணும். அப்பவும் பின்பக்கம்தான் முக்கியம்.

சத்தம் பத்தி ஆரம்பத்துல சொன்னேன் இல்லையா. டாக்ல லோடுமேன் எப்பவும் வண்டிக்கு 3 மீட்டருக்குள்ளதான் நிப்பார், அவர் வேலையே அங்கதான். அங்க ஆள் 5 மீட்டருக்குள்ள வந்தாலே அடிக்கணும்னு எல்லை வச்சா அலாரம் நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்கும். திருவிழா பத்து நாளும் கோயில் தெருவுல குடியிருக்கறவங்களுக்குக் குழாய் ரேடியோ சத்தம் காதுல விழாது பாருங்க, ஆபரேட்டருக்கும் அப்படித்தான் ஆயிடும். உண்மையான ஆபத்துக்கு அடிக்கற அலாரமும் அதோட சேர்ந்து காணாமப் போயிடும். அதனால இடத்துக்கு இடம் எல்லை மாத்தற வசதி வேணும். டாக்ல எல்லையைச் சுருக்கிட்டு, வேகத்தை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துடணும். நீளமான வழியில எல்லையைப் பெரிசாக்கணும்.

தானா வேகம் குறையணும்னு சொன்னேன், தானா சடன் பிரேக் அடிக்கணும்னு சொல்லலை. ஃபோர்க் மேல பேலட் சும்மாதான் உக்காந்திருக்கு, கட்டிப்போடலை. திடீர்னு பிரேக் பிடிச்சா லோடு முன்னாடி சரியும், உயரத்துல இருந்தா வண்டியே முன்னாடி சாயும். படிப்படியா குறைக்கற சிஸ்டமா பார்த்து எடுங்க. கவிழறதும் சின்ன விஷயம் இல்லைங்க. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பு பத்தி ஆய்வு பண்ற நயோஷ் அமைப்பு வெளியிட்ட கணக்குல, 1980லருந்து 1994 வரைக்கும் அங்க ஃபோர்க்லிஃப்ட் விபத்துல 1,021 தொழிலாளிங்க இறந்திருக்காங்க. அதுல 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து, 20 சதவீதம் நடந்துபோனவங்க மேல வண்டி மோதி.

நீல லைட், போடுங்க, விலை கம்மி. வண்டி வர்றதுக்கு முன்னாடியே சில மீட்டர் தள்ளித் தரையில நீலப் புள்ளி விழும், ரேக் முனையில நிக்கறவர் பார்த்துடலாம். ஆனா வெயில் விழற டாக்லயும் வெளி யார்டுலயும் அது கண்ணுக்கே தெரியாது. அது போதும்னு சொன்னவர் சொல்றதை ஏத்துக்காதீங்க.

இடத்தையும் பதிவு பண்ற டேக் சிஸ்டமா போட்டீங்கன்னா உங்களுக்கு இன்னொண்ணு கிடைக்கும், அதைத்தான் நான் ரொம்ப மதிக்கறேன். எந்த இடத்துல, எந்த நேரத்துல ஆளும் வண்டியும் நெருங்கறாங்கன்னு வரைபடமா வந்துடும். ஒரு குடோன்ல பார்த்தேன், வரைபடத்துல ஒரு மூலை மட்டும் சிவப்பா இருந்தது. போய்ப் பார்த்தா, தண்ணி கேன் வச்சிருந்தது வண்டி ஓடற வழிக்கு அந்தப் பக்கம். எல்லாரும் தாகத்துக்கு ரோட்டைத் தாண்டிக்கிட்டே இருந்திருக்காங்க. கேனை இந்தப் பக்கம் மாத்தினாங்க, சிவப்பு போயிடுச்சு. உங்க இடத்துலயும் டாய்லெட் வழி, கேன்டீன் வழி, பஞ்சிங் மெஷின் இந்த மூணையும் முதல்ல பாருங்க. வழியைப் பிரிச்சு, கம்பித் தடுப்பு போட முடிஞ்ச இடத்துல போட்டுடுங்க. நடக்கறவர் தன் பக்கம் இழுத்துத் திறக்கற மாதிரி கேட் வைங்க. அப்ப அவர் ஒரு அடி நின்னுதான் வெளிய வரணும்.

ஒரு வேண்டுகோள். டேக் சிஸ்டத்துலருந்து வர்ற தகவலை வச்சு ஆபரேட்டர் சம்பளத்துல பிடிக்கவே பிடிக்காதீங்க. பிடிச்ச மறுநாளே சென்சார் மேல டேப் ஒட்டியிருக்கும், டேக் லாக்கர்ல தூங்கும். அவங்க பயத்துல செய்யறாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. டெமோ நடக்கும்போதே ரெண்டு ஆபரேட்டரையும் ஒரு லோடுமேனையும் கூட வச்சுக்கோங்க. எந்த மூலை மோசம்னு அவங்களுக்குத் தெரியும்.

கடைசியா வாடகை வண்டி. மாட்டலாம், ஆனா ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு மாட்டுங்க. லைட்டும் கேமராவும் கரன்ட் மட்டும் எடுக்கறதால பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. பேட்டரி வண்டி 48 வோல்ட்டா, 80 வோல்ட்டான்னு பார்த்து அதுக்கான கன்வர்ட்டர் போடணும். வேகத்தைக் குறைக்கற இணைப்பு கன்ட்ரோலருக்குள்ள போகுது, அதை வண்டிக் கம்பெனியோட சர்வீஸ் ஆள் செய்யலேன்னா வாரன்ட்டி பிரச்சினை வரும். உங்க ரெண்டு டீசல் வண்டியும் பழைய கேபிள் ஆக்சிலரேட்டரா இருந்தா தானா வேகம் குறைக்கறது கஷ்டம். அந்த ரெண்டையும் வெளி யார்டுக்கு மாத்திட்டு, உள்ள பேட்டரி வண்டியை மட்டும் ஓட்டுங்க. அடுத்த தடவை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, வேகக் கட்டுப்பாட்டு இணைப்பு உள்ள வண்டிதான் வேணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. புதுப்பிக்கற தேதி எப்பன்னு இன்னிக்கே பார்த்து வச்சுக்கோங்க.